வெளிறிய செம்புலி

ஜூன் 4

அண்ணா,

உன் விலாசம் அம்மாவின் மருந்துச் சீட்டுக்குப் பின்பக்கம் இருந்தது. அம்மா தரவில்லை, நானாகப் பார்த்து எழுதிக்கொண்டேன். கோபித்துக்கொள்ளாதே. போனில் இரண்டு தடவை கூப்பிட்டேன். நீ "ஹலோ, யாரு, ஹலோ" என்று கத்தினாய். நான்தான் என்று சொல்வதற்குள் வைத்துவிட்டாய். தாளுக்கு அந்த அவசரம் கிடையாது. அதனால் எழுதுகிறேன்.

நீ போய் இரண்டு மாதம் ஆகிறது. அம்மாவுக்கு முழங்கால் வலி மாடிப்படியில் மட்டும்தான். உன் சட்டைகளைத் துவைத்து மடித்து வைத்திருக்கிறாள். "வந்தா போட்டுக்க ஒண்ணு வேணும்ல" என்கிறாள். உன் கட்டிலில் யாரும் படுப்பதில்லை. மழை வந்தால் துணி காயப்போடுகிறோம்.

அச்சகத்தில் உன் மெஷினுக்கு ஆள் வந்துவிட்டார். வந்து ஆறு வாரம் ஆகியும் அவருக்குப் பெயர் "புதுசு"தான். நிறத்தை அளக்கிற குட்டி மீட்டரை ரிப்பேரிலிருந்து வாங்கிவந்தாயிற்று. நீ இருந்தபோது ஐந்து மாதம் கடையில் கிடந்ததே, அதேதான். புதுசு அதை ஐம்பது ஷீட்டுக்கு ஒரு தரம் வைத்து அளந்து, எண்ணை உரக்கச் சொல்லி, நோட்டில் எழுதுகிறார். மேற்பார்வையாளர் கத்தரிக்கு ஒரே பூரிப்பு. "கண்ணை நம்பி மோசம் போனோம். இனிமே கருவிதான்" என்று எல்லார் முன்னாலும் சொன்னார். நான் லென்ஸுக்கு மேல் இன்னும் கொஞ்சம் குனிந்துகொண்டேன்.

நான் அதே சோதனை அறையில்தான் இருக்கிறேன். அட்டையின் நாலு பக்கமும் வெள்ளை ஓரம் ஒரே அளவா, மூலை மழுங்கியிருக்கிறதா, ஒரு நிறம் இன்னொன்றை விட்டு விலகியிருக்கிறதா என்று பார்க்கிறேன். சரி என்றால் முத்திரை. இல்லை என்றால் கிழிப்பு மெஷின்.

நேற்று கடைவாசலில் பள்ளிப் பிள்ளைகள் நம் அச்சகத்தில் அடிக்கிற காட்டரசர் அட்டைப் பாக்கெட்டுகளைக் கிழித்து அட்டை மாற்றிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி சொன்னாள்: "ஐயோ, காய்ச்சல் புலி வேணாம். நல்ல புலி இருந்தா குடு." காய்ச்சல் புலி என்றால் நீ கடைசியாக அடித்த அந்த வெளிறிய செம்புலி. பிள்ளைகள் அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள். இதை எழுதியிருக்கக் கூடாது. கோடு போட்டு அடித்தால் தாள் அசிங்கமாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

இன்னொன்றும் எழுத வேண்டும். நீ பதில் போட்டால் எழுதுகிறேன்.

தங்கை


ஜூன் 11

பூனைக்கு,

நீயா அது! பேசாமல் மூச்சு மட்டும் விடுகிற ஆள் யார் என்று மூன்று நாள் யோசித்தேன். என் அறையில் இருக்கும் லாரி டிரைவர், "கடன்காரனா இருக்கும், நம்பரை மாத்து" என்றார். எனக்குக் கடன் கொடுக்கிற அளவுக்கு யாரும் ஏமாளி இல்லை என்று சொல்லிவிட்டேன்.

நான் ஒரு செருப்பு கோடவுனில் பெட்டி தூக்குகிறேன். பெட்டியின் மேல் எண் இருக்கிறது, அளவு இருக்கிறது. நிறம் பார்க்க வேண்டிய வேலை இல்லை. அதனால்தான் சேர்ந்தேன். எங்கள் மேஸ்திரியை வாத்து என்கிறோம். நடையைப் பார்த்தால் உனக்கே தெரியும். நல்ல மனுஷன். நம் கத்தரி இவர் கால் தூசுக்குப் பெறமாட்டார்.

காய்ச்சல் புலி! நல்ல பெயர். பிள்ளைகளுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை, அதுதான் சங்கதி.

என்னைப் பிடித்து ஆட்டுகிற விஷயத்தைச் சொல்கிறேன், உனக்கு மட்டும். அம்மாவிடம் சொல்லாதே. விசாரணை அன்று கத்தரி அறையில் அட்டைக் கம்பெனிக்காரர் தன் உறையிலிருந்து ஓகே ஷீட்டை, நிறம் சரி என்று முதல் நாள் ஒப்புக்கொண்ட மாதிரியை, எடுத்து மேஜையில் விரித்தார். கத்தரி டிராயரைத் திறந்து நம்முடையதை எடுத்துப் பக்கத்தில் விரித்தார். இரண்டிலும் கம்பெனிக்காரர் கையெழுத்து, இரண்டிலும் ஒரே சிவப்பு. அப்புறம் நான் அடித்த அட்டையை வைத்தார்கள். பழைய சட்டை மாதிரி இருந்தது அது.

என் கேள்வி இதுதான். இருபத்து நான்கு நாள், தினமும் காலையில் நீ கொண்டுவந்த ஓகே ஷீட்டை வைத்துத்தான் மையைச் சரிசெய்தேன். தினமும் பொருந்தியது. சத்தியமாகப் பொருந்தியது. மையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டியிருந்தது. புது டப்பா, அடர்த்தி அதிகம் போல என்று நினைத்தேன். அதே ஷீட் அன்று மேஜையில் எனக்கு வேறு ஷீட்டாகத் தெரிந்தது. ஷீட் மாறாது. அப்படியானால் மாறியது என் கண். சில நாள் ஒரு மாதிரியும் சில நாள் வேறு மாதிரியும் பார்க்கிற கண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்ய? தெருவில் சிக்னலைப் பார்த்தால்கூட, பக்கத்து ஆள் நடக்கிறானா என்று பார்த்துவிட்டுத்தான் நடக்கிறேன்.

டிரைவர் கண் டாக்டரிடம் போகச் சொல்கிறார். போய், அவரும் "ஆமாம்" என்றுவிட்டால்?

இங்கே இரண்டு தெரு தள்ளி ஓர் அச்சகம். சோப்பு உறை அடிக்கிறார்கள். நடத்துகிற அம்மாவுக்கு நான் மெஷின் ஓட்டியவன் என்று எப்படியோ தெரிந்து, ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்கள். முடியாது என்றேன். "ஜூலை இருபது வரைக்கும் இடத்தை வச்சிருக்கேன், அதுக்கு மேல முடியாது" என்றார்கள். இருபதாம் தேதியும் இதையேதான் சொல்வேன். ஒன்பது வருஷம் போதும்.

உன்மேல் ஒரு வருத்தம் இருக்கிறது. அன்று எல்லாரும் என்னைச் சுற்றி நின்று கத்தினார்கள். நீ சுவரோரம் நின்றாய். நீயும்தானே முத்திரை குத்தினாய்? "நானும் பார்த்தேன், பொருந்தித்தான் இருந்தது" என்று ஒரு வார்த்தை. சரி, விடு. உனக்கு வராது என்று தெரிந்தும் எதிர்பார்த்தது என் தப்பு.

என்னவோ எழுத வேண்டும் என்றாயே, எழுது.

அண்ணன்


ஜூன் 17

அண்ணா,

நான்கு தடவை எழுதிக் கிழித்தேன். இந்தத் தடவை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். உன் கண்ணுக்கு ஒன்றும் இல்லை. தப்பு என்னுடையது.

நீ தினமும் பார்த்தது டிராயரில் இருந்த ஓகே ஷீட் இல்லை.

முதல் நாள் கம்பெனிக்காரர் கையெழுத்துப் போட்டது இரண்டு ஷீட்டில். ஒன்று அவருக்கு, ஒன்று கத்தரி அறை டிராயருக்கு. காலையில் அதை எடுத்து உன்னிடம் கொடுப்பதும், நீ நிறம் பார்த்து முடித்ததும் திரும்ப வைப்பதும் என் வேலை. சாவி கத்தரியிடம்.

அந்தச் சாவியைக் கேட்பது எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியாது. மெஷின் ஹால் முழுவதையும் கடந்து போக வேண்டும். கட்டிங் ஆட்கள் "பூனை வருது, பாலை மூடி வைங்க" என்பார்கள். கத்தரி மேஜை முன்னால் அவர் நிமிரும்வரை நிற்க வேண்டும். அவர் நிமிரமாட்டார். நிமிர்ந்தால், "என்ன வேணும்? வாயைத் திற. வாய்க்குமா பூட்டு போட்டிருக்கு?" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். சாவி என்ற இரண்டெழுத்துக்கு என் உள்ளங்கை நனைந்துவிடும். பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் நனையுமே, அப்படி. ஒன்பதாம் வகுப்போடு நான் நின்றது படிப்பு ஏறாமல் இல்லை என்று வீட்டில் உனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும்.

அதனால் ஒரு வழி கண்டுபிடித்தேன். கையெழுத்தான ஷீட்டுக்கு அடுத்து மெஷினிலிருந்து வந்த ஷீட் என் மேஜையில் கிடந்தது. அதே மை, அதே நிமிஷம். கையெழுத்து மட்டும்தான் இல்லை. அதை நான்காக மடித்தேன். புலி இருக்கிற பக்கம் வெளியே வரும்படி மடித்தேன். "புலி சரியானா காடு சரி" என்பாய், மற்ற மிருகங்களை நீ பார்க்கமாட்டாய் என்று தெரியும். அதை என் அறை ஜன்னல் கம்பியில் கிளிப் போட்டு மாட்டினேன். மறுநாள் காலை உன்னிடம் கொண்டுவந்தேன். "டிராயர்லேர்ந்துதானே?" என்றாய். தலையை ஆட்டினேன்.

டிராயரில் வைப்பது திருட்டுப் போகாமல் இருக்க என்று நினைத்தேன் அண்ணா. வெயில் படாமல் இருக்க என்று யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்கத் தெரிந்தவளாக இருந்தால் சாவியையே கேட்டிருப்பேன். அந்த ஜன்னலில் பத்து மணியிலிருந்து இரண்டு மணிவரை வெயில் விழும். நான்கு நிறம் போதாது என்று கம்பெனி கேட்டு வாங்கிய அந்த ஐந்தாவது மை, அந்தப் பளிச்சென்ற தனிச் சிவப்பு, வெயில் தாங்காது. ஷீட் தினம் கொஞ்சம் வெளிறியது. நீ தினம் கொஞ்சம் மையைக் குறைத்தாய். நான் லென்ஸ் வைத்துப் பார்த்து முத்திரை குத்தினேன். பொருந்தத்தான் பொருந்தியது. நீ சொன்னது சத்தியம்.

விசாரணை அன்று கத்தரி டிராயரிலிருந்து எடுத்து விரித்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. சொல்லத்தான் நினைத்தேன். அப்போது நீ ஷீட்டைக் கையில் எடுத்து, கண்ணைக் கசக்கிவிட்டு, திரும்பவும் பார்த்தாய். முதலாளி, "பாருங்க, அவனுக்கே தெரியலை" என்றார். எல்லாரும் உன் கண்ணையே பார்த்தார்கள். உதடு வரை வந்தது உள்ளே போய்விட்டது.

அந்த அச்சகத்துக்குப் போ. இருபதாம் தேதிக்கு முன்னால் போ. என்னை என்ன வேண்டுமானாலும் திட்டு.

தங்கை


ஜூன் 23

பூனைக்கு,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை நம்பப் பார்த்தேன். இரண்டாவது தடவை சிரிப்பு வந்தது.

உனக்குப் பொய் சொல்ல வராது என்று எல்லாரும் நினைக்கிறார்கள். எனக்கல்லவா தெரியும். பக்கத்து வீட்டு ஜன்னல் கண்ணாடியை நான் உடைத்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது, உனக்கு ஐந்து. "யார் உடைச்சது?" என்று அப்பா கேட்டதும் நீ முன்னால் வந்து நின்று, "நான்தான்" என்று உன்னையே சுட்டிக் காட்டினாய். அந்த ஜன்னல் உன் தலைக்கு மேல் இரண்டு ஆள் உயரம். அப்பாவே சிரித்துவிட்டார்.

இதுவும் அந்த ஜன்னல்தான். போன கடிதத்தில் நான் கண்ணைப் பற்றி அழுது வைத்தேன். நீ உட்கார்ந்து யோசித்து, எனக்காக ஒரு கதை தைத்துவிட்டாய். வெயிலாம், மடித்து மாட்டினேனாம். நன்றாகத்தான் தைத்திருக்கிறாய், தையல் தெரியவில்லை. ஆனால் எனக்கு ஆறுதல் வேண்டாம். ஆறுதலை நம்பி மெஷின் முன்னால் போய் நின்று, அங்கேயும் ஒரு நாள் இரண்டு ஷீட்டை விரித்து என் மூஞ்சிக்கு நேரே காட்டினால், அப்புறம் என்னால் எழுந்திருக்க முடியாது.

உண்மை என்றால் அந்த ஷீட் எங்கே? கிழிப்பு மெஷினுக்குப் போய்விட்டது என்பாய். அதுவும் தெரியும்.

அம்மாவை மாடிப்படி ஏறவிடாதே.

அண்ணன்


ஜூன் 27

அண்ணா,

கிழிப்பு மெஷினுக்குப் போகவில்லை. என் துணிப் பெட்டியின் அடியில் விரித்த தாளுக்குக் கீழே இருந்தது.

இந்த உறைக்குள் வைத்திருக்கிறேன். மடிப்பைப் பிரிக்காமல் முதலில் புலியைப் பார். நீ தினமும் பார்த்த பக்கம் அது. அப்புறம் முழுதாகப் பிரி. மடிப்பில் அட்டை வெடித்திருக்கிறது, கிழிந்துவிடப்போகிறது, மெதுவாகப் பிரி.

நீ பிரித்துப் பார்க்கும்போது பக்கத்தில் இருக்க வேண்டாம் என்பதில் எனக்கு ஒரு நிம்மதி. அதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

தங்கை


ஜூலை 3

பிரித்தேன்.

கால் பங்கு வெளுத்திருக்கிறது. முக்கால் பங்கு அன்று டிராயரிலிருந்து எடுத்த அதே சிவப்பு. நடுவில் மடிப்பு, கோடு கிழித்த மாதிரி.

எனக்கு அப்படித் தெரிந்தது. ஆனால் எனக்குத் தெரிவதைத்தான் நான் நம்புவதில்லையே. டிரைவரிடம் நீட்டினேன். ஒன்றும் சொல்லாமல் நீட்டினேன். அவர் பல் குச்சியை வாயிலிருந்து எடுக்காமலே, "ஏம்பா, இது வெயில்ல கிடந்துச்சா? என் தார்ப்பாய் இப்படித்தான் ஆகும். மூடின பக்கம் அப்படியே இருக்கும், திறந்த பக்கம் செத்துப்போகும்" என்றார். ஒரு நொடி ஆகவில்லை அவருக்கு. எனக்கு மூன்று மாதம்.

நீ எழுதியது அத்தனையும் உண்மை. அப்படியென்றால் நான் எழுதுவதையும் கேட்டுக்கொள்.

சாவி கேட்கப் பயந்தாய், சரி. ஷீட்டை மாற்றினாய், சரி, வெயில் உனக்குத் தெரியாது. அதெல்லாம் தப்புதான், துரோகம் இல்லை. ஆனால் விசாரணை அன்றே உனக்குத் தெரிந்துவிட்டது. அன்று நாம் இருவரும் ஒரே பஸ்ஸில் வீட்டுக்கு வந்தோம். ஒரே சீட்டு. நான் வழியெல்லாம் கடைப் பலகைகளைப் பார்த்து, இது என்ன நிறம், அது என்ன நிறம் என்று உன்னிடம் கேட்டுக்கொண்டே வந்தேன். நீ ஒவ்வொன்றாகச் சொன்னாய். பச்சை அண்ணா. நீலம் அண்ணா. தெரிந்துகொண்டே சொன்னாய்.

குருடனைக் கைபிடித்துத் தெருவைக் கடக்கவிடுகிற மாதிரி என்னை வீடு கொண்டுவந்து சேர்த்தாய்.

இனி எனக்கு எழுதாதே. எழுத்தில் உனக்கு எல்லாம் வரும் என்று தெரிந்துவிட்டது. அந்த அறையில் வைத்துத்தானே எனக்குக் கண் போய்விட்டது என்றார்கள்? அங்கே போய், அவர்கள் எதிரில், வாயால் சொல். ஷீட்டைத் திருப்பி அனுப்பமாட்டேன். கையில் ஏதாவது இருந்தால் நீ அதை நீட்டிவிட்டுத் தலையைக் குனிந்துகொள்வாய்.

சொன்ன பிறகு வேண்டுமானால் எழுது.


ஜூலை 12

அண்ணா,

சொல்லிவிட்டேன்.

அதற்கு ஐந்து நாள் பிடித்தது. தினமும் மெஷின் ஹாலைப் பாதி கடந்து, தண்ணீர் குடிக்க வந்தவள் போலக் குழாய்க்குத் திரும்பினேன். அந்த வாரம் நான் குடித்த தண்ணீருக்குக் கணக்கில்லை. நேற்று குழாயில் தண்ணீர் வரவில்லை. அப்படியே நேரே நடந்துவிட்டேன்.

கத்தரி அறையில் முதலாளியும் இருந்தார். புதுசு ஏதோ கையெழுத்து வாங்க நின்றிருந்தார். கதவு திறந்தேதான் இருந்தது. கட்டிங் ஆட்களுக்கு எல்லாம் கேட்கும்.

"என்ன பூனை?" என்றார் கத்தரி, நிமிராமல்.

"அண்ணன் மேல தப்பில்லை சார்."

"எந்த அண்ணன்?"

"என் அண்ணன்."

"அது முடிஞ்சுபோன கதை. போய் வேலையைப் பாரு."

"முடியலை சார்" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. கொஞ்சம் கீச்சென்று, அம்மா மாதிரி. அப்புறம் எல்லாவற்றையும் சொன்னேன். வரிசையாக வரவில்லை. மடித்ததை முதலில் சொல்லி, சாவியை அப்புறம் சொல்லி, திரும்ப முதலுக்குப் போனேன். நடுவில் ஒரு இடத்தில் நின்றுபோய்விட்டது. யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

முதலாளி நாற்காலியைத் திருப்பினார். "ஏம்மா, அண்ணனைக் காப்பாத்தப் பழியை உன் தலையில தூக்கிப் போட்டுக்கறியா?"

எல்லாரும் ஒரே மாதிரிதான் இருக்கிறீர்கள். நான் உண்மை சொன்னால் ஒருவரும் நம்புவதில்லை.

"அந்த ஷீட் எங்க?"

"அண்ணன்கிட்ட இருக்கு."

"அனுப்பச் சொல்லு."

"அனுப்பமாட்டான்."

"ஏன்?"

"வாயால சொல்லணுமாம்."

புதுசு இருமினார். அவர்தான் கேட்டார்: "சார், அந்தப் பல் டாக்டர் அனுப்பினாரே, அது ஃபைல்ல இருக்குமா?"

பல் டாக்டர் ஒருவர், அட்டை சேகரிக்கிறவர், ஏப்ரல் கடைசியில் புகார் அனுப்பியிருக்கிறார். அட்டை சேகரிக்கிற பெரியவர்களைப் பற்றி உனக்குத்தான் தெரியுமே, லென்ஸ் இல்லாமல் சாப்பிடவும் உட்காரமாட்டார்கள். எத்தனையோ பாக்கெட் வாங்கி, பாக்கெட்டில் குத்தியிருக்கும் அச்சுத் தேதிப்படி செம்புலிகளை வரிசையாக, அறை அறையாக இருக்கும் பிளாஸ்டிக் தாளில் செருகி அனுப்பியிருந்தார். "உங்கள் புலிக்கு என்ன வியாதி?" என்று மேலே எழுதியிருந்தது. வந்த அன்றே ஃபைலில் போட்டுவிட்டார்கள். அப்போதுதான் வந்து சேர்ந்திருந்த புதுசைத் தவிர யாரும் பார்க்கவில்லை.

மேஜையில் விரித்தார்கள். இருபத்து நான்கு நாள் புலிகள் அண்ணா. முதலாவது நெருப்பு. கடைசி காய்ச்சல். நடுவில் எது எங்கே மாறியது என்று சொல்லவே முடியாது. புதுசு மீட்டரைக் கொண்டுவந்து ஒவ்வொன்றாக அளந்தார். ஏறக்குறைய ஒவ்வொரு நாளும் ஒரு துளி இறக்கம். ஒரே தேதியில் இரண்டு அட்டை இருந்த இடத்தில் இரண்டுக்கும் ஒரே எண். அவர் மூன்றாவது வரிசைக்கு வந்ததும் அளப்பதை நிறுத்திவிட்டு, "இதை மீட்டர் இல்லாமயா அடிச்சாரு?" என்றார். "என்கிட்ட மீட்டரைக் குடுத்து இப்படி இறக்கச் சொன்னா எனக்கு வராது சார்."

அப்போதும் கத்தரி, "இறங்கியிருக்கு, சரி. வெயில்தான்னு என்ன நிச்சயம்?" என்றார்.

நான் குனிந்து தேதிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறு நாளுக்கு ஒரு தரம் இறக்கம் இரண்டு மடங்காக இருந்தது. "இது எல்லாம் திங்கக்கிழமை சார்" என்றேன். "ஞாயித்துக்கிழமை நமக்கு லீவு. வெயிலுக்கு லீவு இல்லை." இரண்டாவது வரிசையில் மூன்று அட்டைகளுக்கு ஒரே எண். "இந்த ரெண்டு நாள் மழை."

முதலாளி அந்த மூன்று அட்டைகளையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கத்தரி, "இவளை என்ன பண்றது சார்?" என்றார். "முதல்ல அந்த ஜன்னலை அடை" என்றார் முதலாளி. "சாவியைக் கேட்க இவ ஏன் பயந்தாள்னு நீ யோசி. அப்புறம் இவளைப் பத்திப் பேசலாம்."

நாளையிலிருந்து எனக்குப் பெட்டி ஒட்டுகிற வேலை. லென்ஸை வாங்கிக்கொண்டார்கள். எனக்கு அது பிடித்த வேலை, ஆனால் நியாயம்தான்.

வெளியே வரும்போது முதலாளி கூப்பிட்டு, "அண்ணனை வரச் சொல்லி எழுதும்மா" என்றார். "நீங்களே கேளுங்க சார், வாயால" என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. அவர் உன் நம்பரைக் குறித்துக்கொண்டார்.

பஸ்ஸில் நான் நிறம் சொல்லிக்கொண்டு வந்ததற்கு என்னிடம் பதில் இல்லை. தேடிப் பார்த்தேன். அம்மாவிடமும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நேற்று ராத்திரியிலிருந்து என்னுடன் பேசவில்லை. தட்டை மட்டும் வைக்கிறாள்.

இன்னும் எட்டு நாள் இருக்கிறது. போ அண்ணா.

தங்கை


ஜூலை 21

பூனைக்கு,

உன் முதலாளி கூப்பிட்டார். "தம்பி, நடந்தது நடந்துபோச்சு" என்று ஆரம்பித்தார். அது தானாக நடந்து போகவில்லை, நீங்கள்தான் கழுத்தைப் பிடித்து நடத்தி அனுப்பினீர்கள் என்று சொல்ல நினைத்தேன். தொண்டையிலேயே நின்றுவிட்டது. இது நம் குடும்பத்து வியாதி போலிருக்கிறது, உன்னை மட்டும் சொல்லிப் பயனில்லை. வரமுடியாது என்பதை மட்டும் சொன்னேன். எனக்கு அந்த அறை வேண்டாம். புதுசிடம் என் வணக்கத்தைச் சொல். அவர் அளந்து சொன்னதை நீ எழுதிய பக்கத்தை மட்டும் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன்.

பதினெட்டாம் தேதி சோப்பு அச்சகத்துக்குப் போனேன். அந்த அம்மா ஓர் ஓகே ஷீட்டைக் கையில் கொடுத்து, "இந்தப் பச்சையை மெஷின்ல அப்படியே எடு பார்ப்போம்" என்றார்கள். "இது எங்கே இருந்தது?" என்று கேட்டேன். "பீரோவில்" என்றார்கள். "எவ்வளவு நாளாக?" என்றேன். "தம்பி, பச்சை எடுக்க வந்தியா, போலீஸ் வேலைக்கு வந்தியா?" என்றார்கள்.

கேட்டுக்கொள், எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதே. கண்ணுக்கு ஒன்றும் இல்லை என்று இப்போது எனக்குத் தெரியும். தெரிந்தும், பச்சை வந்த பிறகு வந்ததா என்று எனக்கே சந்தேகம். முதல் நாள் அந்த அம்மாவை மூன்று தடவை கூப்பிட்டு, "ரெண்டும் ஒண்ணாத்தானே இருக்கு?" என்று கேட்டேன். மூன்றாவது தடவை அவர்கள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. முன்னெல்லாம் ஷீட்டை வெளிச்சத்தில் ஒரு தரம் சாய்ப்பேன், அடுத்த நொடி மெஷினை ஓடவிடுவேன். அந்த ஒரு நொடி இப்போது கால் மணி நேரம் ஆகிறது. அதை நீதான் நீட்டினாய். அதற்கும் உன்னிடம் பதில் இருக்காது, தேடாதே.

டிரைவர் தினமும் கேட்கிறார்: "தங்கச்சி கணக்கு தீர்ந்துச்சா?" இல்லை என்றேன். கோபம் இருக்கிறது. இல்லாத மாதிரி எழுத எனக்கு வராது.

அம்மா பேசுவாள். நீ தட்டைக் கழுவி வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்திரு, எழுந்து போகாதே.

இன்று மதியம் இரண்டாயிரம் உறை அவசரமாகக் கேட்டார்கள். அந்த அம்மா வங்கிக்குப் போயிருந்தார்கள். கூப்பிட்டுக் கேட்க ஆள் இல்லை. ஷீட்டை எடுத்தேன், சாய்த்தேன், ஓடவிட்டேன். அப்புறம் மை, தண்ணீர், தாள் என்று அதோடேயே போய்விட்டேன். மெஷினை நிறுத்திக் கை கழுவும்போதுதான் நினைவு வந்தது. ஒரு மணி நேரம் முழுதாக, உன்மேல் கோபமாக இருக்க மறந்துபோயிருந்தேன்.

நாளைக்கும் மெஷின் ஓடுகிறது. பார்ப்போம்.

அண்ணன்